போர்வைக்குப் பின்னால் எடுத்த கன்று

ஸ்ரீவைகுண்டம்,
8.11.1994

அன்புள்ள சுந்தர்ராமனுக்கு,

கைலாசம் அண்ணாச்சி வீட்டுக் கன்றை நீ எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

நலம் விசாரிப்பு பிறகு. மாட்டாஸ்பத்திரியில் உன்னைச் ‘சார்’ என்றே கூப்பிட்டேன். கடிதத்தில் முடியாது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ டாக்டராக வந்தாய். உன் ஊசிகளைக் கொதிக்க வைக்கும் உதவியாள் நான்.

அப்பாவுக்கு இருமல் குறையவில்லை. நீ மேற்படிப்புக்குச் சென்னை போன பிறகு இங்கே வேறு டாக்டர் போடவில்லை. வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். போன வாரம் தச்சநல்லூரில் உன் அம்மாவைப் பார்த்தேன். சுகமாக இருக்கிறார்கள். பால் சங்கத்தில் உனக்குப் போர்த்திய சால்வையைப் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். பாச்சை உருண்டை வாசம் அடித்தது. “அன்னிக்கு நீயும் கூட இருந்தியாமே” என்றார்கள். இருந்தேன் என்றேன்.

சங்கத்தில் உன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். மாலையோடு நீ, பக்கத்தில் கன்று. கயிற்றைப் பிடித்திருக்கும் கை ஒன்று ஓரத்தில் தெரியும். கைக்கு மேலே ஆள் இல்லை. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டிவிட்டார்களாம். பால் ஊற்றப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பொறாமைதான். வேறு பெயர் சொல்லி மறைக்க மாட்டேன்.

மாடு கன்று போட்ட அன்று, கண் பட்டுவிடும் என்று அண்ணாச்சி தொழுவ வாசலில் போர்வையைக் கட்டி எல்லாரையும் வெளியே நிறுத்தினார். உள்ளே நீ, நான், மாடு. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டது நீ, மறுக்கவில்லை. கன்றின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. அரை மணி நேரம் தேடினாய். கை சோர்ந்துபோய், “லே தேவமணி, தலை அகப்பட மாட்டேங்குலே, நீ பாரு” என்றாய். தோள் வரை எண்ணெய் தடவிக் கையை விட்டேன். கன்றை உள்ளே தள்ளி, மூக்கை உள்ளங்கையில் பொத்தி, தலையைத் திருப்பி எடுத்தேன். வைக்கோலில் அது தும்மியபோது நீ அழுதாய். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போர்வையை விலக்கி வெளியே போனாய். கைதட்டல் கேட்டது. நான் கன்றுக்குப் பின்னால் வரும் இளங்கொடியும் விழட்டும் என்று மாட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சீம்பால் உன் வீட்டுக்குப் போயிற்று. கன்றை எடுத்த கைக்குத்தான் முதல் சீம்பால் என்பது இந்தப் பக்கத்து வழக்கம், உனக்கும் தெரியும். கருப்பட்டி போட்டுக் காய்ச்சி எனக்கும் ஒரு கிண்ணம் தந்தாய். தின்றேன். அன்றைக்காவது சொல்லுவாய் என்று நினைத்தேன்.

அதே மாடு இப்போது நிறைசினை. வயிற்றைப் பார்த்தால் இதுவும் பெரிய கன்று. நானே சங்கத்துக்குப் போய், நான் பார்க்கிறேன் அண்ணாச்சி என்றேன். “ஊசி கழுவுத பயலுக்கு எம் மாடு கேக்கோ? டாக்டர் எழுதிக் குடுக்கட்டும், பொறவு தொடு” என்றார். சங்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

‘கன்றை எடுத்தது தேவமணி.’ இந்த ஒரு வரி போதும். கையெழுத்துப் போட்டு அவருக்கு அனுப்பு.

கர்த்தர் உன் படிப்பை ஆசீர்வதிக்கட்டும்.

உன் பழைய பெஞ்சுக்காரன்,
தேவமணி


ஸ்ரீவைகுண்டம்,
19.11.1994

சுந்தர்,

தபால்காரரை இன்றும் கேட்டேன். அண்ணாச்சிக்கு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

விடிந்ததிலிருந்து மாடு முக்குகிறது. கால் மட்டும் வெளியே வந்திருக்கிறதாம், தலையைக் காணோமாம். போர்வை கட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை டாக்டரைத் தேடி ஆள் போயிருக்கிறது. நான் கையைக் கழுவிவிட்டு வெளியே நிற்கிறேன். உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். மாடு கத்துவது இங்கே கேட்கிறது.

இந்தக் கார்டு உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் சொல். அன்றைக்கு அந்தக் கன்றை எடுத்தது யார்?

தேவமணி