தொங்கும்போது முறுக்கியது

மார்ச் 4
பழைய காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளைக் கழற்றினேன். அவை அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ரப்பர் வளையங்கள், அதாவது புஷ்கள், காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தன. அக்காவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பதினெட்டாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குனியாமல் ஏறி உட்கார, உயரமான இந்த சீட்தான் அவளுக்குச் சரி. ஆனால் குலுங்கவே கூடாதாம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 9
புதுப் புஷ்கள் ஏறிவிட்டன. சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தினால் என்னமாய் வழுக்கிக்கொண்டு போகிறது! முப்பது வருடம் உராய்வைப் பாடம் நடத்தினேன். அதன் குறும்பை இப்போதுதான் பார்க்கிறேன். போல்ட்களை முழுப் பலத்தோடு முறுக்கினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வண்டிக்கு வலிக்கப் போகுது" என்றார்.

மார்ச் 10
முன்னைவிட மோசம்! ஜாக்கியிலிருந்து இறக்கினால் முன்பக்கம் இரண்டு விரல் தூக்கி நிற்கிறது. தெருமுனை வேகத்தடையில் என் பல்லே ஆடிவிட்டது.
"உங்க அக்காவை இதுல கூட்டிட்டு வந்தா, அப்படியே திருப்பிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விடணும்" என்கிறார் இவர்.
எல்லாம் புதுசு. அளவும் சரி. அப்புறம் ஏன்?

மார்ச் 11
ஏன்?

மார்ச் 13
ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா இடுப்புப் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "படுத்திருக்கும்போது இறுக்கிக் கட்டிட்டாங்கடி. உட்கார்ந்தா உயிர் போகுது."
நர்ஸ் வந்து, உட்கார்ந்த நிலையிலேயே பட்டையைத் தளர்த்தி மறுபடி கட்டினாள். அக்கா முகம் தெளிந்தது. நான் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதல்லவா நான் போல்ட்டை முறுக்கினேன்! ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிட்டது. கீழே இறக்கியதும், பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு எதிர்க்கிறது. அவ்வளவுதானா விஷயம்?
"அக்கா, உன் எடை எவ்வளவு?"
"நோயாளிகிட்ட கேக்கற கேள்வியாடி இது? ஐம்பத்தெட்டு."
அறுபத்தைந்து என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 14
நாலு சக்கரத்தையும் தடித்த மரக்கட்டைகள்மேல் ஏற்றி, வண்டியைத் தன் காலிலேயே நிற்கவைத்தேன். முன்சீட்டில் அக்காவுக்குப் பதில் மணல் மூட்டை. ஓட்டுநர் இடத்தில் இவர்.
"நானும் மூட்டையா?"
"இல்ல, நீங்க நான்."
அடியில் படுத்துப் போல்ட்களைத் தளர்த்தினேன். முனகிக்கொண்டே முன்பக்கம் இரண்டு விரல் இறங்கியது. கைதட்டத் தோன்றியது — கையில் ஸ்பானர். பிறகுதான் முறுக்கினேன்.

மார்ச் 15
ஓட்டிப் பார்த்தேன். பல் ஆடவில்லை. ஆனால் என் முதுகு, தையல் போட்ட முதுகில்லையே.

மார்ச் 18
அக்கா நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தாள். கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இவ வண்டியில போய் என்னை ஏத்திட்டீங்களே மாப்பிள்ளை! ஏய், வேகத்தடை வந்தா முன்னாடியே சொல்லு. பல்லைக் கடிச்சுக்கறேன்."
சரி என்றேன்.
வழியில் மூன்று வந்தன. பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டையை அவள் விதவிதமாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. இவரும்தான்.
எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் கை இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது.
"ஏன்டி நிறுத்திட்ட? வேகத்தடையா?"