மேகத்துக்குள்ள மூணு நட்சத்திரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்கணும். போன்ல பேசாம எதுக்குக் கடிதம்னு பதறாதே, போன் அடிச்சாலே உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுட்டு பக்கத்துல உக்காந்துக்கறார், இது அவர் காதுல விழக்கூடாது. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு நீ அங்க மாடியில அவர் இங்க மாடியில நின்னு, வரிசையா இருக்கற அந்த மூணு நட்சத்திரத்தைப் பார்த்துக்கிட்டே பேசுவீங்களே, போன வாரமும் பேசினீங்க. மூணும் பளிச்சுனு இருக்கும்மான்னார், நீயும் ஆமாப்பான்னே. நான் அப்ப கொடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். வானம் முழுக்க மேகம்டி, ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. விளையாடறாரோன்னு முகத்தைப் பார்த்தா, அவர் பாட்டுக்கு விரலை நீட்டி ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டிருக்கார்.

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா உறைக்குது. பொழுது சாய்ஞ்சா மாடிப்படியை வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே இறங்கறார். பள்ளிக்கூட வேனோட பக்கக் கண்ணாடி உடைஞ்சதுக்கு எவனோ லாரிக்காரன் மேல பழியைப் போட்டார். இந்தக் குளிருக்குக் காலைல ஆறு மணிக்கும் இருட்டு கலையறதில்ல, அந்த இருட்டுலதான் பதினாலு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓட்டறார். கண்ணைக் காட்டிட்டு வரலாமேன்னு ஜாடையாச் சொன்னேன், முப்பது வருஷமா ஓட்டறவன்கிட்ட வந்து சொல்றியான்னு எரிஞ்சு விழுந்தார். மாலைக்கண்ணுன்னு வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. நல்லவேளை இப்ப லீவு, ஆனா திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. வேன் சாவியை அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சிருக்கேன், அது எத்தனை நாளைக்கு? கண்ணை மூடினா கடைசி நிறுத்தத்துல ஏறுமே ரெட்டைப் பின்னல் குட்டி, அது எனக்கு டாட்டா காட்டுது. பயமா இருக்குடி.

நான் கேட்டா சண்டையில முடியும், நீ கேட்டா கேப்பார். ஆனா ஒண்ணு, உங்க ஊர்ல அத்தனை விளக்கு வெளிச்சத்துல அந்த மூணும் உனக்கு நிஜமாத் தெரியுதா, இல்ல அப்பா மனசு வாடுமேன்னு நீயும் ஆமா போடறியா? நீ அவர் பொண்ணுதானே. இந்த ஒரு தடவை நீ முதல்ல உண்மையைச் சொல்லிடு.

சனிக்கிழமைக்குள்ள இது உன் கைக்கு வந்துடும்னு கூரியர்காரர் சொன்னார். வேளைக்குச் சாப்பிடுங்க, ரெண்டு பேரும் குறைவில்லாம நல்லா இருங்க. ஞாயித்துக்கிழமை எட்டு மணி, மறந்துடாதே. எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா, உங்களுக்குத் தெரியுதான்னு கேளு. கேட்டுட்டு, அவர் எவ்வளவு நேரம் பேசாம இருந்தாலும் போனை வச்சிடாதே. நான் அவர் பக்கத்துலதான் நிப்பேன்.

உன் நல்லதையே நினைக்கிற
அம்மா