"பயன்பாடு இல்லை" என்று எழுதப்பட்ட பணிமனை நிலத்தின் நடைவழி

அனுப்புநர்:
பணிநிறைவு பெற்ற பண்டகக் காப்பாளர்,
பழைய அரசு வாகனப் பணிமனை,
பணிமனை முன்வாசலுக்கு எதிர்ச் சந்து, மூன்றாம் வீடு.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
அரசு உபரி நில மேம்பாடு மற்றும் விற்பனைப் பிரிவு.

பொருள்: பழைய வாகனப் பணிமனை நிலம் – உபரி என அறிவித்து மனைகளாகப் பிரித்து 25ஆம் தேதி ஏலம் விடவிருப்பது – நிலத்தின் ஊடே மருத்துவமனைக்குச் செல்லும் நடைவழி மறைக்கப்பட்டது – ஏலத்தை நிறுத்தி நேரில் ஆய்வு செய்யக் கோருதல்.

பார்வை: 1. விற்பனைக் கையேடு, பக்கம் 3 முதல் 6 வரை. 2. என் கைப்பட எழுதிய பதினொரு ஆண்டறிக்கைகள்.

பெருமதிப்பிற்குரிய தனி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

1. அரசு தன் நிலத்தை விற்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. பணிமனை ஊருக்கு வெளியே மாறிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. துருப்பிடித்த இரண்டு கொட்டகைகளையும் எண்ணெய் ஊறிய தரையையும் கட்டிக்கொண்டு அழ வேண்டிய அவசியம் அரசுக்கு இல்லை. ஆனால் விற்கிற விதத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஒன்றல்ல, பல. அவற்றை வரிசையாகக் கீழே எழுதியுள்ளேன். கடைசியில் ஒரு ஒப்புதலும் உள்ளது. அதையும் படித்துவிட்டே இம்மனுவை மூடிவைக்க வேண்டுகிறேன்.

2. முதலில் நிலவரம். எங்கள் சந்துக்கு எதிரே பணிமனையின் முன்வாசல். உள்ளே நுழைந்து நேராக நடந்தால் பின்சுவரில் நாலடி அகலத்தில் ஒரு திறப்பு. அதைத் தாண்டினால் பொது மருத்துவமனையின் பக்கவாசல். மொத்தம் இருநூற்றுப் பத்து மீட்டர். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாலும் ஒன்பது நிமிடம். இந்த வழி இல்லையென்றால் முதன்மைச் சாலைக்குப் போய், இரண்டு இடத்தில் சாலையைக் கடந்து, பாலத்தடியில் திரும்பி, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

3. என் மனைவிக்கு மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸ் நடக்கிறது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு. இடுப்பெலும்பு முறிந்தவர் என்பதால் சக்கர நாற்காலி. ஆட்டோவில் போகலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். எங்கள் சந்தில் ஆட்டோ நுழையாது. முனை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கே இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, மறுபடி இறக்கி வைப்பதற்குள் அவர் படும் வேதனையைப் பார்த்துவிட்டு, இரண்டாம் முறை அந்த யோசனையை யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் மருத்துவமனை நர்ஸம்மாவே சொல்லவில்லை.

4. சந்தேகம் ஒன்று: அறிவிப்பு. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று எழுதிய தாளை முன்வாசல் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கதவு ஆண்டுக்கணக்கில் சுவரோடு சாத்தித் திறந்தே கிடப்பது. அதன் உட்புறம் சுவரைப் பார்த்தபடி இருக்கும். பல்லி மட்டும்தான் படிக்க முடியும். இம்மாதம் 4ஆம் தேதி கதவை இழுத்துச் சாத்திச் சங்கிலி போட்ட பிறகே, கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்து அந்தத் தாளைக் கண்டேன். ஆட்சேபணைக்குக் கடைசி நாள் 2ஆம் தேதி என்று இருந்தது. எல்லாவற்றையும் காதும் காதும் வைத்தாற்போல் முடித்திருக்கிறார்கள்.

5. சந்தேகம் இரண்டு: வரைபடம். கையேட்டின் ஐந்தாம் பக்கத்தில் இருபத்திரண்டு மனைகளும், அவற்றுக்கிடையே சாலையும், மூலையில் பூங்காவும் பச்சை நிறத்தில் அழகாக வரையப்பட்டுள்ளன. பின்சுவரோ ஒரே கோடாக இருக்கிறது. நாலடித் திறப்பு எங்கே போனது? அளக்க வந்தவர்கள் அந்தச் சுவரில் சாய்ந்து நின்று டீ குடித்ததை நான் கண்ணால் பார்த்தவன். திறப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று டேப்பைப் பிடித்தார்கள். அப்படியிருந்தும் படத்தில் அது இல்லை. பதினேழாம் மனையும் பதினெட்டாம் மனையும் சரியாக அந்த இடத்தில்தான் வருகின்றன.

6. சந்தேகம் மூன்று, இதுவே பெரியது: புகைப்படம். நான்காம் பக்கத்தில் நான்கு படங்கள். "நிலத்தில் ஆள்நடமாட்டம் ஏதுமில்லை" என்று அடியில் எழுதியிருக்கிறது. படத்தின் மூலையில் தேதி இருந்தது. காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஐயா, ஞாயிறு அன்று டயாலிசிஸ் பிரிவு இல்லை. வெளிநோயாளிப் பிரிவு இல்லை. ஊடுகதிர் (எக்ஸ்ரே) அறை இல்லை. வாரத்தில் அந்த வழி ஓய்ந்து கிடப்பது அந்த ஒரே நாள்தான். ஏழு நாளில் அந்த ஒன்று தற்செயலாக வாய்த்தது என்று தாங்கள் சொன்னால் நான் தலையாட்டிவிட்டு வருவேன், நம்ப மாட்டேன். ஆகவே 10ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை சங்கிலியின் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வந்து நின்று, பூட்டைப் பார்த்து, திரும்பிப் போனவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். அவர்களில் நிறைமாதப் பெண்கள் ஆறு பேர். மருத்துவமனை ஊழியர்கள் முப்பத்தொரு பேர். கக்கத்தில் எக்ஸ்ரே உறையோடு வந்த ஒருவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதை யாருங்க பூட்டச் சொன்னது?" என்று என்னிடம் கேட்டார். என்னைக் காவலாளி என்று நினைத்துவிட்டார்.

7. 4ஆம் தேதி நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த மனுவின் அவசரம் தங்களுக்கு விளங்காது. அன்று முன்வாசலில் சங்கிலியைக் கண்டு, வேறு வழியின்றி முதன்மைச் சாலை வழியாகத் தள்ளிக்கொண்டு போனேன். திரும்பும்போது பதினொன்றரை மணி வெயில். இரண்டாவது சிக்னலில் மனைவிக்கு இரத்த அழுத்தம் இறங்கி, நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்துவிட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண் குடை பிடித்தார். பழக்கடைக்காரர் தண்ணீர் தெளித்தார். வீட்டுக்கு வந்து படுத்ததும் அவர் சொன்னது இதுதான்: "அந்த வழியத் தொறக்கச் சொல்லுங்க. இல்லைன்னா என்னை இனிமே கூட்டிட்டுப் போகாதீங்க. ரோட்டுல கிடந்து என்னால சாக முடியாது." சொன்னபடி 6ஆம் தேதி வர மறுத்துவிட்டார். 9ஆம் தேதி கெஞ்சி அழைத்துப் போனேன். 11ஆம் தேதி மறுபடி மறுத்தார். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. இப்படியே விட்டால் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் ஒரு கை விரல்களைத் தாண்டி எண்ணவில்லை.

8. இதற்கெல்லாம் பின்னால் யார் என்று நான் யோசித்த விதத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் மனைவியின் தம்பி, அதாவது என் மைத்துனர், மனைத் தரகர். நான்கு மாதம் முன்பு, அளக்க வந்தவர்களோடு அவர் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "சும்மாதான் மாமா" என்றார். மனைத் தரகர் டேப் பிடிப்பவனோடு சும்மா பேசுவாரா? அன்றே முடிவு கட்டிவிட்டேன். அக்காள் நடக்கிற வழியை மனை போட்டு விற்கத் துணிந்தவன் என்று நினைத்து, நான்கு மாதமாக அவரோடு பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்தால் நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

9. 12ஆம் தேதி தங்கள் அலுவலகத்தில் கோப்பைப் பார்வையிட எனக்கு அனுமதி கிடைத்தது. ஜன்னலோர மேசையில், உதவியாளர் எதிரில் உட்கார்ந்திருக்க, தாள் தாளாகப் புரட்டினேன். ஆட்சேபணை மனு என்று அதில் இருந்தது ஒன்றே ஒன்று. தேதி மூன்று மாதம் முந்தையது, அறிவிப்புத் தாள் ஒட்டுவதற்கும் முன்பே. எழுதியவர் என் மைத்துனர். "என் அக்காள் வாரம் மூன்று நாள் இந்த வழியில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிறார்" என்று எழுதியிருந்தார். அதை அந்த இடத்தில் வைத்து என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. உதவியாளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

10. மனுவுக்குக் கீழே தங்கள் பிரிவின் உத்தரவு இருந்தது. "மேற்படி வழி பயன்பாட்டில் உள்ளதாக மனுதாரர் கூறுவது, நிலத்தின் பொறுப்பிலிருந்த பண்டகக் காப்பாளர் தொடர்ந்து பதினொரு ஆண்டுகள் அளித்த அறிக்கைகளுக்கு முரணாக உள்ளது. நிராகரிக்கப்படுகிறது." அடுத்த பதினொரு தாள்களும் ஆண்டறிக்கைகள். ஏழாம் கலம், தற்போதைய பயன்பாடு: "ஏதும் இல்லை." பதினொன்றிலும் அதே சொல், அதே நீல மை. கீழே என் கையொப்பம்.

11. ஐயா, அது போலிக் கையெழுத்து அல்ல. போலியாக இருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவை என் கையொப்பங்களே. எனக்கு முன்பிருந்த பண்டகக் காப்பாளர் சாவிக்கொத்தைக் கொடுத்த அன்று இப்படிச் சொல்லிக் கொடுத்தார்: "ஏழாம் கலத்துல 'உண்டு'ன்னு எழுதிடாதீங்க. யாரு, எந்த அனுமதியிலன்னு இணைப்புத் தாள் கேப்பாங்க. அனுமதி இல்லைன்னா கதவை அடைன்னு ஆர்டர் வரும். 'இல்லை'ன்னு எழுதுங்க. ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க, சனங்க பாட்டுக்குப் போய்ட்டு வரட்டும்." அது எனக்கு நியாயமாகப் பட்டது. பிரசவ வார்டு ஆயாக்கள், "ஷிப்டு முடிஞ்சு இந்தக் காலோட சுத்திப் போக முடியாது சார், மூடிடாதீங்க" என்று அந்த முதல் வாரமே வந்து கேட்டிருந்தார்கள். வழி திறந்திருக்க வேண்டும் என்றுதான் ஆண்டுதோறும் இல்லை என்று எழுதினேன். எங்கள் துறையில் பொறுப்பிலிருக்கும் காலி நிலத்துக்கெல்லாம் அப்படித்தான் எழுதுவது வழக்கம். கடைசி அறிக்கையை எழுதியது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். அன்று காலையில்தான் என் மனைவியை அந்த நிலத்தின் வழியே தள்ளிக்கொண்டு போய் வந்திருந்தேன். அந்த நினைப்பே இல்லாமல் "ஏதும் இல்லை" என்று எழுதி, முத்திரை வைத்து அனுப்பினேன்.

12. மைத்துனர் அந்த நிராகரிப்பு உத்தரவை மூன்று மாதம் முன்பே படித்தவர். காரணம் நான்தான் என்று தெரிந்தும் என்னிடமோ தன் அக்காளிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் கொடுத்துப் பேசாத எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். 12ஆம் தேதி மாலை அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, "விடுங்க மாமா, இப்ப என்ன எழுதணும்னு பாருங்க" என்றார். இந்த மனுவின் 5ஆம் பத்தியில் உள்ள மனை எண்கள் அவர் எடுத்துக் கொடுத்தவை.

13. நான் எழுதியது பொய் என்பதால் தங்கள் பிரிவு செய்தது எல்லாம் சரியாகிவிடாது. என் தாளைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏன் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் படம் எடுத்தார்கள்? சாய்ந்து நின்ற சுவரில் இருந்த திறப்பு ஏன் கண்ணில் படவில்லை? இந்த இரண்டு கேள்வியையும் நான் கைவிடவில்லை. பதில் எழுத்தில் வேண்டும்.

14. ஆகவே தாங்கள், (அ) 25ஆம் தேதி ஏலத்தை ஒத்திவைத்து, சங்கிலியை உடனே அகற்றவும். (ஆ) 16ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்கு முன்வாசலுக்கு நேரில் வந்து பார்க்கவும். (இ) பதினேழு, பதினெட்டாம் மனைகளை நீக்கி, அவ்விடத்தைப் பொது நடைவழி என வரைபடத்தில் பதிந்த பிறகே மற்ற மனைகளை விற்கவும். (ஈ) பதினொரு ஆண்டுகள் தவறான அறிக்கை அளித்தமைக்காக என் மீது விதிப்படி நடவடிக்கை எடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். (ஈ)யால் என் ஓய்வூதியத்துக்கே பங்கம் வரலாம் என்பது தெரியும். ஓய்வூதியம் தவிர எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. ஆனாலும் (ஈ) இல்லாமல் மற்ற மூன்றையும் தாங்கள் நம்ப வழியில்லை.

15. நேற்று வெள்ளிக்கிழமை. எப்படியோ சம்மதிக்க வைத்து மறுபடி சாலை வழியாகவே அழைத்துப் போனேன். திரும்பும்போது பாலத்தடி மேட்டில் நான் மூச்சு வாங்கி நின்றேன். என் மனைவி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "யாரும் போகலைன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கானாமே, வார்டுல பேசிக்கிறாங்க. அவன் வீட்டுலயும் ஒருத்தி இப்படி நாற்காலியில உக்காரணும்." நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினேன்.

நாள்: 14ஆம் தேதி, சனிக்கிழமை
இடம்: பணிமனை முன்வாசல்

இம்முறை உள்ளதை உள்ளபடி எழுதியுள்ள,
(ஒப்பம்)
பணிநிறைவு பெற்ற பண்டகக் காப்பாளர்