பத்தொன்பது ஒன்றுகள்

என் வாலுப் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் முதல் பாதி பொய்யாகிவிடும், அதனால் பின்பாதியை மட்டும் வைத்துக்கொள், நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதற்குத்தான் கடிதம். அப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, வலது பக்கம் அசையவில்லை, இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் மட்டும் ஒன்று ஒன்றாக எழுதிக்கொண்டே போகிறார். பயிற்சி கொடுக்க வரும் பெண், "அது வெறும் கோடும்மா, மனசுல ஒண்ணும் ஓடல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷம் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிய மனிதருக்குக் கோடு எது ஒன்று எது என்று தெரியாதா, கை மாறியும் ஒவ்வொன்றின் தலையிலும் சின்ன மூக்கு வைத்திருக்கிறார். உட்கார்ந்து எண்ணினேன், பத்தொன்பது. மறுநாள் தாளிலும் பத்தொன்பது. ஒருநாள் பதினெட்டில் நின்றுவிட்டு, தாளைத் தானே கசக்கி எறிந்து மறுபடி தொடங்கினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே நீயும் அப்பாவும் ஆடிய ஆட்டம்! 131, 373 என்று பிளேட்டில் வந்தால், எதனாலும் வகுபடாத ஒண்டிக்கட்டை என்று கூத்தாடுவீர்கள். 111 ஆளைப் பார்த்தால் ஒண்டிக்கட்டை, மூன்றிடம் மாட்டிக்கொள்ளும் என்பார். வெறும் ஒன்றுகளால் ஆன ஒண்டிக்கட்டை 11, அதை விட்டால் பத்தொன்பது ஒன்றுகள் வரிசையாக நின்றால்தான், நடுவில் எதுவும் தேறாது என்று நீ நூலகத்திலிருந்து ஓடிவந்து சொன்ன அன்று, பிளேட் எழுத வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார்.

தாள்களை அள்ளிக்கொண்டு போய் மருத்துவரிடம் சண்டை போட்டேன். அவரும் எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, மாசக் கடைசி வரைக்கும் பயிற்சி நடக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். அதற்குள் புத்தி இருக்கிறது என்று காட்டாவிட்டால், எழுந்திருக்க மாட்டார்கள் என்று கைவிட்டவர்களைப் போடும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பென்சில் யார் கொடுப்பார்கள்?

நேற்று பதினேழுதான் எழுதினார். கசக்கவில்லை. வேலை முடிந்தது போலப் பென்சிலை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீதி இரண்டை நானே போட்டுவிடலாம் என்று பார்த்தேன், என் ஒன்றுக்கு அந்த மூக்கு வரவில்லை. தாளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறதடி.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறக்காதே. அன்று நூலகத்தில் பார்த்த கணக்கில், நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று இன்னொரு முறை பார். பதினேழு ஒன்றுகளும் ஒண்டிக்கட்டையாகத் தேறும் என்றால் எழுது. தேறாது என்றால் எழுதாதே, புறப்பட்டு வா.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா