இரண்டு இருபது பேருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் இன்னும் விட்டபாடில்லை, மருத்துவர் அவளை நடக்கச் சொல்கிறார், அவள் என்னை நடக்க வைக்கிறாள். மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, ஜன்னல் கொக்கிக்குத் தச்சர் நாளை நாளை என்று இழுத்தடிக்கிறார். இருபத்தைந்தாம் தேதி ஒரு மணி ரயிலில் குழந்தையோடு வந்து இறங்குவாய் என்றும், அங்கிருந்து நம் தெருவுக்கு இரண்டு இருபதுக்கே பேருந்து இருப்பதாகப் போன் காட்டுகிறது என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பேருந்தில் நீ ஏறக் கூடாது. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். சிரிக்காமல் படி.

நான் கால அட்டவணைப் பிரிவில் சேர்ந்தபோது இந்தப் பக்கம் மொத்தமே ஒன்பது பேருந்துகள். அதற்கு முன்னால் தனியார் வண்டிகள், ஆள் நிரம்பினால் எடுப்பார்கள், நிரம்பாவிட்டால் எடுக்கமாட்டார்கள். அரசு எடுத்துக்கொண்ட பிறகுதான் வண்டிக்கு நேரம் என்று ஒன்று வந்தது, அதைப் பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்து எழுதியது நான், எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஆனால் விடியற்காலையில் ஏறுகிற ஓட்டுநரும் நடத்துநரும் சாயங்காலம்வரை இறங்க முடியாது, ஓய்வு கொடுத்தால் வண்டி சும்மா நிற்கிறதே என்று மேலதிகாரி குதிப்பார். பெரியமீசை என்று ஓர் ஓட்டுநர், ஒருநாள் என் மேசை முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு இருபதுக்கு ரயில் நிலையத்திலிருந்து நம் தெரு வரை ஒரு நடை போவதாக அலுவலகத் தாளில் எழுதிவிட்டேன். உண்மையில் அப்படி ஒரு நடையே கிடையாது. அந்த நேரத்தில் அவரும் நடத்துநரும் பாலத்துக்கு அப்பால் மரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டுக் கண்ணயரலாம். இது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும், அம்மாவிடம்கூட நான் மூச்சுவிட்டதில்லை. அவசரத்தில் புறப்படும் நேரத்தைப் போட்டவன் போய்ச்சேரும் நேரத்தைப் போடாமல் விட்டேன், யாரும் கேட்கவுமில்லை.

அந்தத் தாளைத் தட்டச்சுக்காரம்மா அப்படியே அடித்தார், பிறகு கணினி வந்து அப்படியே அதில் ஏறியது. நடத்துநர் வேலையே ஒழிந்து, ஓட்டுநரே பொத்தானை அமுக்கிக் கதவை மூடுகிற காலமும் வந்துவிட்டது. பெரியமீசையும் அந்த நடத்துநரும் காலமாகிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. போன வருடம் வண்டி எங்கே வருகிறது என்று போனில் காட்டத் தொடங்கினார்கள், அதில் இரண்டு இருபதும் வந்தது. வெறும் பட்டியலில் இருந்தால் பழைய பிழை என்று விட்டிருப்பேன், ஆனால் அந்தப் புள்ளி நகர்கிறது, பாலம் தாண்டி நிற்கிறது, மறுபடி நகர்கிறது. பணிமனையில் போய்க் கேட்டேன், அங்கிருந்த பெண் அதிகாரி "சார், அந்த நேரத்துக்கு எங்ககிட்ட வண்டியே இல்ல, மொதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினாள். புள்ளி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. அங்கேயே அதை அழித்தாள், மறுநாள் திரும்ப வந்துவிட்டது.

போன மாதம் அம்மா உன் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு ரயில் நிலையத்திலிருந்து நாலு மணி வண்டியில் வரவேண்டியவள், மூன்று மணிக்கே நொண்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கேட்டால், "ரெண்டு இருபதுல வந்தேன், வண்டி காலியா கெடந்துச்சு, நடத்துநர் விசிலெல்லாம் ஊதுறார், நடுவழியில மரத்தடியில நிறுத்திட்டு ரெண்டு பேரும் சாஞ்சாங்க, ஆனா கண்ண மூட மாட்டேங்குறாங்க" என்றாள். ஓட்டுநரின் மீசை எப்படி என்று கேட்டேன், காதுவரை விரலால் இழுத்துக் காட்டினாள். பெரியமீசையை அவள் உயிரோடு பார்த்ததே கிடையாது. நம் தெருவில் வண்டி நிற்கவில்லையாம், எவ்வளவு கத்தியும் நிறுத்தவில்லை, திருப்பத்தில் மெதுவானபோது குதித்திருக்கிறாள், முழங்கால் போனது அதில்தான். போய்ச்சேரும் நேரம் இல்லாத வண்டி எங்கே நிற்கும்? மகள் பேத்தியை எப்போது அழைத்து வருவாள் என்று அம்மாவிடம் நடத்துநர் விசாரித்தாராம். கைக்குழந்தையோடு நீ எப்படிக் குதிப்பாய்?

அதனால் நீ வருவதற்கு முன்னால், இந்த வியாழக்கிழமை நானே அதில் ஏறப்போகிறேன். பழைய தாள் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் கண்ணெதிரே போய்ச்சேரும் நேரத்தை என் கையால் எழுதி, இறங்கி வீட்டுக்குப் போங்களய்யா என்று சொல்லிவிட வேண்டும். ஓய்வெடுக்கட்டும் என்று எழுதினேன், செத்த பிறகும் ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் ஓடவிட்டிருக்கிறேன். அம்மாவிடம் முடிவெட்டப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், குழந்தைக்கு என் முத்தங்கள். வழியில் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. ரயிலை விட்டு இறங்கினால் நாலு மணிவரை நிலையத்துக்குள்ளேயே உட்கார்ந்திரு. இரண்டு இருபது வராவிட்டால் என் வேலை முடிந்தது என்று தெரிந்துகொள். வந்து நின்றால் அந்தப் பக்கம் திரும்பாதே. ஜன்னலோரம் நானே உட்கார்ந்து, உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏறாதே அம்மா.

என்றும் உன் நினைவாக,
அப்பா