என் புகாரைக் காட்டி வெங்காய நிலத்தை மனையாக்க வேண்டாம்

அனுப்புநர்:
மனை எண் 17-இன் உரிமையாளர்
(மருத்துவமனை இரத்தப் பரிசோதனைக்கூடப் பணியாளர்),
இரண்டாம் குறுக்குத் தெரு,
கிழக்கு மனைப்பிரிவு.

பெறுநர்:
நில வகைப்பாட்டு அதிகாரி அவர்கள்,
உள்ளாட்சித் திட்ட அலுவலகம்.

பொருள்: கிழக்கு மனைப்பிரிவை ஒட்டிய பதினான்கு ஏக்கர் விவசாய நிலத்தைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றும் வரைவு – அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டுள்ள என் புகாரைத் திரும்பப் பெறுதல் – சாலையோரக் கல் மேட்டில் மட்டும் சிறு மனைகளை அனுமதித்து, மீதி நிலத்தை விவசாயத்துக்கே விட்டுவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு நான் அளித்த நான்கு பக்கப் புகார். 2. தங்கள் அலுவலகம் ஒட்டியுள்ள வரைவு அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு நான் இதே அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். அதில் கேட்டது ஒன்று. இப்போது நடக்கவிருப்பது வேறொன்று. இடையில் என் தவறும் இருப்பதால், அதை மறைக்காமல் எழுதுகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவள். காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒன்பது மணிக்குப் படுப்பேன். எங்கள் வீட்டின் பின் சுவருக்கு அப்பால் வெங்காயம் பயிராகிறது. பயிரிடுபவரை எங்கள் தெருவில் எல்லோரும் வெங்காயக்காரர் என்றே சொல்வோம். நான் படுக்கும் நேரத்துக்குச் சரியாக அவருடைய மோட்டார் ஓடத் தொடங்கும். காற்று திரும்பினால் எருக்குழியின் நாற்றம் நேரே படுக்கையறைக்கு வரும். உழும் நாளில் துவைத்த துணியை மறுபடி துவைக்க வேண்டும்.

3. தொடர்ந்து ஐந்து நாள் தூங்காத நிலையில் அந்தப் புகாரை எழுதினேன். "மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற சூழல்" என்று ஒரு வரி எழுதி, அது நன்றாக வந்திருப்பதாக நினைத்து அடிக்கோடும் போட்டேன். வீடு வீடாகப் போய்ப் பதினொரு கையெழுத்து வாங்கினேன். மோட்டார் நேரத்தை மாற்ற வேண்டும், எருக்குழியைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளே அதில் இருந்தன. நிலத்தையே மாற்றும்படி ஒரு சொல்லும் இல்லை.

4. புகாரின் நகல் வெங்காயக்காரருக்கும் போயிருக்கிறது. ஒரு மாலை அதைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி என் கணவர் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வந்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஏம்மா, நீங்க ராத்திரி வேலைக்குப் போறவங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? சுவருக்கு மேல தலையை நீட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மோட்டாரை ரெண்டு மணிக்கு மேல போட்டுட்டுப் போறேன். இதுக்கு எதுக்கு நாலு பக்கம்?"

மறுநாளிலிருந்து மோட்டார் பிற்பகலில்தான் ஓடுகிறது. பத்து நாளில் எருக்குழி நிலத்தின் மறுகோடியில் உள்ள ஓடைப் பக்கமாகப் போய்விட்டது. என் குறை தீர்ந்தது. ஆனால் புகார் தங்கள் கோப்பில் உயிரோடு இருந்ததை நான் மறந்துபோனேன். இதுதான் என் தவறு.

5. அதற்கு அடுத்து வந்த மழைக்காலத்தைத் தாங்களும் அறிவீர்கள். நிலத்தின் மேற்குப் பக்கத்தில் உள்ள மனைப்பிரிவில், வாய்க்காலை மூடி மண் நிரப்பிக் கட்டிய வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அங்கே குடியிருக்கும் என் சக பணியாளர் கட்டிலின் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தார். எங்கள் தெருவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கவில்லை. எங்கள் வடிகால் நன்றாகக் கட்டப்பட்டது என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டோம்.

6. மூன்றாம் வீட்டில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மட்டும் அந்தப் பெருமையில் நம்பிக்கை வரவில்லை. நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கணவர் கையிலும் மறு முனையை வெங்காயக்காரர் கையிலும் கொடுத்து, தெரு முழுவதும் மட்டம் பார்த்தார். எங்கள் தெருவின் கடைசி வீடு சாலையைவிட இரண்டடி பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் தண்ணீர் எல்லாம் வெங்காய நிலத்தின் நடுவே ஓடும் வாய்க்கால் வழியாகத்தான் ஓடைக்குப் போகிறது. வெங்காயத்துக்குக் காலடியில் நீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால், ஒவ்வொரு போகத்துக்கு முன்பும் அவர் அந்த வாய்க்காலைத் தூர்வாருகிறார். தம் பயிருக்காக அவர் செய்த வேலையில் இருபத்தாறு வீடுகள் நனையாமல் தப்பின. அளவு விவரம் இணைப்பு 1-இல் உள்ளது.

7. இந்த நிலையில்தான் சென்ற மாதம் தங்கள் அறிவிப்பு தெருமுனைப் பலகையில் ஒட்டப்பட்டது. பால் வாங்கப் போன என் கணவர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்து, "இதைப் படிச்சுப் பாரு. உன் எழுத்து மாதிரியே இருக்கு" என்றார். பதினான்கு ஏக்கரையும் குடியிருப்புப் பகுதியாக மாற்றுவதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. முதல் காரணம், விவசாயப் பணிகளால் இது "மனிதர் குடியிருக்கத் தகுதியற்ற சூழல்" என்று அருகில் வசிப்போரே புகார் அளித்திருப்பது. ஐயா, அன்று எனக்குப் பகலெல்லாம் தூக்கம் வரவில்லை. மோட்டார் ஓடவும் இல்லை.

8. மறுநாளே அலுவலகத்துக்கு வந்து, புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். முகப்பில் இருந்த எழுத்தர் இளவயதினர், மரியாதையானவர். மூன்று அலமாரிகளில் தேடிவிட்டு, "மேடம், புகார் குடுக்க ஃபாரம் இருக்கு. திரும்ப வாங்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல, அதனால அதுக்கு ஃபாரமே இல்ல. நீங்களே ஒரு மனுவா எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னபடியே இதை எழுதுகிறேன். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

9. இதற்கிடையே தெருவாசிகள் தையற்கடையின் மாடியில் கூடினோம். ஒரு வீடுகூட வரக் கூடாது, நிலம் நிலமாகவே இருக்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பேசினோம். நானும் பேசினேன். அப்போது வெங்காயக்காரரின் தங்கை எழுந்தார். அண்ணனோடு நிலத்தில் சரிபாதி உழைப்பவர் அவர். கணவரோடும் மூன்று பிள்ளைகளோடும் ஓர் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறார். அவர் சொன்னது:

"நீங்க வீடு கட்டுன இடம் மட்டும் என்ன, பாறையாவா இருந்துச்சு? அது எங்க சித்தப்பா உழுத நிலம். நீங்க உள்ள வந்தாச்சு, இனிமே கதவைச் சாத்தணும், அவ்வளவுதானே? அப்ப நான் எங்க போய் இருக்கறது?"

அவர் கேட்டது நியாயம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஒத்துக்கொள்ளத்தான் சற்று நேரமானது.

10. அதன் பிறகுதான் விவரம் புரிந்தது. இப்போதுள்ள விதிப்படி விவசாயப் பகுதியில் இரண்டு ஏக்கருக்குக் குறைந்த துண்டாக நிலத்தைப் பிரிக்க முடியாது. நல்ல நோக்கத்தில் போட்ட விதிதான். ஆனால் தங்கைக்கு வீட்டுக்கு இடம் கொடுக்க அண்ணன் விரும்பினால், விளையும் நிலத்தில் இரண்டு ஏக்கரை வெட்டிக் கொடுக்க வேண்டும்; அவ்வளவு நிலத்துக்குப் பத்திரச் செலவு செய்ய அவர்களிடம் பணம் இல்லை. இல்லையென்றால் பதினான்கையும் மனையாக்க ஒப்புக்கொள்ள வேண்டும். தெற்குச் சாலையில் ஒருவர் விதிக்காகவே இரண்டு ஏக்கர் வாங்கி, நடுவில் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, மீதியை முள்ளுக்கு விட்டிருக்கிறார். அந்த நிலம் துண்டாகவில்லை, விளையவும் இல்லை. வெங்காயக்காரர் தங்கள் வரைவுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட இருந்ததும் இதனால்தான். "மண்ணு ஒரு குறையும் இல்லாம விளையுது, விக்க எனக்கு ஆசையா? கூடப்பிறந்தவளுக்கு ஒரு கூரை வேணும். சட்டம் காட்டுற வழி இது ஒண்ணுதான்" என்று அவர் என்னிடம் சொன்னார்.

11. வேறு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவருடைய தங்கைதான். நிலத்தின் வடக்கு ஓரம், சாலையை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் கல் மேடு. அங்கே ஏர் இறங்காது. ஆடுகூட நிற்காமல் போய்விடும். மேடு என்பதால் தண்ணீரும் நிற்காது. சாலையும் மின்கம்பமும் அருகிலேயே உள்ளன. கடந்த ஞாயிறன்று அண்ணனும் தங்கையும் அளவையாளரும் நாங்களும் சேர்ந்து அங்கே முளை அடித்துக் கயிறு கட்டினோம். எட்டு வீட்டு மனைகள் தாராளமாக வருகின்றன. வீடில்லாமல் இருப்பவர் தங்கை ஒருவர் மட்டும் அல்லர். வெங்காய நிலத்தில் களையெடுக்க வரும் இரண்டு குடும்பங்களும், எங்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர் ஒருவரும் இடம் கேட்டிருக்கிறார்கள்.

12. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது:

(அ) பார்வை 1-இல் கண்ட என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வரைவிலிருந்து அந்தக் காரணத்தை நீக்க வேண்டும்.

(ஆ) கல் மேட்டில் மட்டும் எட்டு சிறு மனைகள் பிரிக்க அனுமதி தர வேண்டும். அதற்கு ஈடாக, மீதிப் பன்னிரண்டரை ஏக்கர் இனி எக்காலமும் மனையாகாது என்று பத்திரத்திலேயே எழுதித்தர அண்ணனும் தங்கையும் தயார். இரண்டு ஏக்கர் விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. விளையாத ஓரத்தில் வீடும் விளையும் மண்ணில் பயிரும் என்று பிரித்துப் பார்க்க, அந்த விதியில் ஒரு வழி வேண்டும் என்கிறோம். அது வந்தால் இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

(இ) வாய்க்காலையும் அதன் இரு கரைகளில் ஆறாறு அடியையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். வாய்க்கால் வரைபடத்தில் இல்லாததால்தான் மேற்கு மனைப்பிரிவில் அதை மூட முடிந்தது.

(ஈ) விவசாய நிலத்தை ஒட்டி மனை வாங்குவோரிடம், பக்கத்தில் மோட்டார் ஓடும், தூசி வரும், எரு நாறும் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். என்னிடம் அப்படி யாராவது சொல்லியிருந்தாலும், நான் மனையை வாங்கியிருப்பேன். படுக்கையறையை மட்டும் முன்பக்கம் வைத்துக் கட்டியிருப்பேன்.

13. பழைய புகாரில் கையெழுத்திட்ட பதினொருவரில் ஒருவர் வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடம் போய்விட்டார். ஒன்பது பேர் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தையற்கடைக்காரர் மட்டும் போடவில்லை. வெள்ளைத் துணியில் தூசி படிகிறது என்பது அவர் குறை; அது உண்மைதான். அவர் தனியாக எழுதிய கடிதத்தையும் இணைப்பு 3-ஆக வைத்திருக்கிறேன். சுவரோரமாக உயிர்வேலி நடுவதாக வெங்காயக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். "வேலி என் ஜன்னல் உயரத்துக்கு வரட்டும், நானே வந்து கையெழுத்துப் போடுறேன்" என்கிறார் தையற்கடைக்காரர். கன்றுகளை வாங்கி வந்தாயிற்று.

14. நேற்று தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வரைவின் மீதான இறுதி முடிவு ஆறு வாரம் தள்ளிவைக்கப்பட்டிருப்பதாகவும், எழுத்து மூலம் மாற்று யோசனை வந்தால் தாங்களே இடத்தை நேரில் பார்க்கக்கூடும் என்றும் அந்த எழுத்தர் தெரிவித்தார். செய்தி தெரு முழுக்கப் பரவக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணனும் தங்கையும் வாசலில் வந்து நின்று, என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று மூன்று முறை கேட்டுவிட்டார்கள். நானும் மூன்று முறை சொன்னேன். சம்மதக் கையெழுத்தை இப்போதைக்குப் போடுவதில்லை என்று வெங்காயக்காரர் முடிவு செய்திருக்கிறார்.

15. எனவே ஐயா, தாங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும். கல் மேட்டில் ஏறி நின்றால் எங்கள் தெரு, வாய்க்கால், நிலம், ஓடை நான்கும் ஒரே பார்வையில் தெரியும். கோப்பில் இருக்கும் எந்தத் தாளைவிடவும் அந்த இடம் தெளிவாகப் பேசும். நிலத்தையும் வீட்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் அருகருகே வைக்கும் ஒரு முடிவு தங்கள் கையெழுத்தால் வர முடியும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். தாங்கள் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், அன்று யாரும் வேலைக்குப் போகாமல் காத்திருப்போம்.

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
மனை எண் 17-இன் உரிமையாளர்

உடன் கையொப்பமிடுவோர்: நில உரிமையாளரான வெங்காயக்காரர், அவர் தங்கை, மூன்றாம் வீட்டு நில அளவையாளர், தெருவாசிகள் ஒன்பது பேர்.

இணைப்புகள்: 1. தெரு, வாய்க்கால் மட்ட அளவுகள். 2. கல் மேட்டில் எட்டு மனைகளின் கைவரைபடம். 3. தையற்கடைக்காரரின் மறுப்புக் கடிதம்.

இடம்: இரண்டாம் குறுக்குத் தெரு, கிழக்கு மனைப்பிரிவு
நாள்: அறிவிப்பு ஒட்டப்பட்ட இருபத்து நான்காம் நாள், வியாழக்கிழமை