எதிர்ப்பவர்கள் தாளில் என் பெயர்

ஹெலினா, பிப்ரவரி 9

அன்புள்ள ரஸலுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? நான் நலம். இங்கே தலைநகரில் பனிதான் முழங்கால் வரை.

வாஷிங்டன் வரவுக்கு மேல் செலவழிக்காதபடி அரசியல் சட்டத்தைத் திருத்த மாநாடு கூட்டும்படி முப்பத்து நான்கு மாநிலங்கள் கேட்க வேண்டுமே. இந்த ஒரு மாநிலத்துக்காக நானும் மேக்சினும் மூன்று வாரமாக உறுப்பினர்களிடம் ஆதரவு கேட்டுச் சட்டமன்றத் தாழ்வாரத்தில் நடையாய் நடக்கிறோம். அவளுக்கென்ன, மேல்கோட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கணவன் கூடவே வருகிறான்.

நேற்று நம் தீர்மானத்தின் மேல் சட்டமன்றக் குழு விசாரணை. பேச வருபவர்கள் பெயர் எழுத ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் என்று இரண்டு தாள். வாசலில் நான் பெயர் எழுதும்போது மேக்சினின் கணவன் அவள் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அதையே பார்த்தபடி 'எதிர்ப்பவர்கள்' தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிரிக்காதீர்கள். எதிர்ப்பவர்கள் முறை வந்ததும் குழுத் தலைவர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்.

"என்னம்மா வெர்னா, மூணு வாரமா என் காதுல ஓதினதெல்லாம் பொய்யா?"

"கொள்கை மாறலைங்க. கவனம்தான் கொஞ்சம் சிதறிப்போச்சு."

அறையே சிரித்தது. தீர்மானம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தேறியது. பாராட்டெல்லாம் மேக்சினுக்கு. "இவரு கூடவே இருக்காரே, அதான்" என்று அவள் கணவனைக் காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பளிக் கையுறையை மறந்து வந்துவிட்டேன். தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். அடுத்த புதன்கிழமை மேலவையில் ஓட்டெடுப்பு. வாசலில் நில்லுங்கள். மேக்சின் வந்து சேரும்வரை பொறுத்திருந்து, அதன்பிறகு என் மேல்கோட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வெர்னா